அடுக்கிவைத்தால் கூகுள் தூக்கிவைக்குமா?

சென்னை, கோவை, மதுரை என எந்த ஊரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பில் சேர்ந்தாலும், ஒரு நாள் ஆசிரியர் போர்டின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று போடுவார். அதைச் சுற்றி ஏழெட்டுச் சின்ன வட்டங்கள். பெரிய வட்டத்துக்கும் சின்ன வட்டங்களுக்கும் நடுவே கோடுகள். நடுவில் இருப்பது பில்லர் பேஜ், சுற்றியிருப்பவை கிளஸ்டர் பக்கங்கள், கோடுகள் எல்லாம் லிங்க். “உங்க வெப்சைட்ட இப்படித் தலைப்புவாரியா பிரிச்சு அடுக்கிட்டீங்கன்னா, இந்த சப்ஜெக்ட்ல நீங்கதான் அத்தாரிட்டின்னு கூகுள் முடிவு பண்ணிடும். அப்புறம் ரேங்க் தானா வரும்.” மாணவர்கள் எழுந்து வந்து படத்தை போனில் பிடித்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே ஏதோ ஓர் ஏஜென்சியில் உட்கார்ந்து, ஒரு கிளையன்டுக்கு அதே வட்டங்களை ஸ்லைடில் போட்டுக் காட்டுவார்கள்.

படம் இருந்துவிட்டுப் போகட்டும். ‘தானா வரும்’ என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். பக்கங்களைத் தலைப்புவாரியாக அடுக்குவது வாசகருக்கு வசதி. வெப்சைட்டுகளைச் சுற்றிவரும் கூகுளின் நிரல், அதாவது பாட், வந்து பக்கங்களைக் கண்டெடுக்கவும் அது உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் இல்லாத சக்தியை இருப்பதாக நம்பிக்கொண்டு, கிளையன்டின் காசையும் வாசகரின் பொறுமையையும் ஒருசேரக் கரைத்துக்கொண்டிருக்கிறது இந்தத் தொழில்.

இந்த நம்பிக்கை நேற்று முளைத்ததல்ல. 2000-களின் தொடக்கத்திலேயே தேடலில் தளங்களை மேலே கொண்டுவரும் எஸ்இஓ தொழிலின் அமெரிக்க ஆலோசகர் புரூஸ் கிளே ‘சைலோ’ முறையைப் பரப்பினார். ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அறை. அறைக்குள் இருக்கும் பக்கங்கள் தங்களுக்குள் லிங்க் கொடுத்துக்கொள்ளலாம், பக்கத்து அறையை எட்டிப் பார்ப்பது கூடுமானவரை கூடாது. 2017-இல் ஹப்ஸ்பாட் நிறுவனம் இதைக் கொஞ்சம் தளர்த்தி ‘டாபிக் கிளஸ்டர்’ என்று கொண்டுவந்தது. அந்த வேலைக்கான மென்பொருளையும் அதே நிறுவனம் விற்றது என்பதை வகுப்பில் சொல்ல மாட்டார்கள். இப்போது புழங்கும் பெயர் ‘டாபிகல் அத்தாரிட்டி’. பெயர்தான் மாறிக்கொண்டே வருகிறது. அடுக்கினால் ஏறும் என்ற வாக்குறுதி மாறவில்லை.

தலைப்புவாரி அடுக்குதான் தேடலில் வெல்லும் என்றால் இன்றைக்கு நாம் எல்லாரும் யாஹூவில்தான் தேடிக்கொண்டிருக்க வேண்டும். 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொடங்கியது அப்படி ஓர் அடுக்குதான். மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வெப்சைட்டையும் பார்த்து, இது கலை, இது வணிகம், இது அறிவியல், அதற்குள் இது வானியல் என்று பிரித்து வைத்தார்கள். அதே ஸ்டான்ஃபோர்டிலிருந்து 1998-இல் வந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் எந்தப் பக்கத்தையும் எந்த அறையிலும் வைக்கவில்லை. யார் யாருக்கு லிங்க் கொடுக்கிறார்கள், அந்த லிங்க்கில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறார்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். யாஹூ டைரக்டரி 2014 கடைசியில் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் கட்டிய டிமாஸ் டைரக்டரி 2017 மார்ச்சில் கடையைக் கட்டியது. கூகுள் பிறந்ததே அடுக்கை நம்பாமல்தான். அந்த கூகுளிடம் போய், நான் அடுக்கிவிட்டேன், ரேங்க் கொடு என்று கேட்கிறோம்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். யாஹூ அடுக்கியது உலகத்து வெப்சைட்டுகளை. நாங்கள் அடுக்கச் சொல்வது உங்கள் ஒரே ஒரு வெப்சைட்டை என்பார்கள். சரி, ஒரு வெப்சைட்டுக்குள்ளேயே வருவோம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. பனைமரமும் பல்லவர்களும் புரதமும், முகவரியைப் பார்த்தால், ஒரே ஃபோல்டருக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கும். பகுப்புகள் உண்டுதான். ஆனால் 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவுக்குப் பகுப்பு என்ற வசதியே 2004-இல்தான் வந்தது. ஒரு கட்டுரை எத்தனை பகுப்பில் வேண்டுமானாலும் இருக்கலாம். லிங்க்குகளும் விஷயம் போகிற பக்கம் போகும். பனையிலிருந்து ஓலைச்சுவடிக்கு, சுவடியிலிருந்து உ.வே.சாமிநாதையருக்கு, ஐயரிடமிருந்து கும்பகோணம் கல்லூரிக்கு. சைலோக்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் எளிமை. மின்னூல்கள் வரிசை எண் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். சங்க இலக்கியத்துக்கு ஒரு ஃபோல்டர், சைவத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று யாரும் அறை கட்டவில்லை. பழைய நூல் ஒன்றின் மூலப்பாடத்தைத் தேடுகிறவர் எப்படியும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார், ஏனென்றால் நூல் அங்கே முழுசாக இருக்கிறது.

“அதுக்கெல்லாம் வெளியிலேர்ந்து லிங்க் குவியுது சார், நம்ம கிளையன்டுக்கு அப்படியா?” என்பார்கள். அதையேதான் நானும் சொல்கிறேன். குவிகிற லிங்க் வேலை செய்கிறது, உள்ளே இருக்கிற சரக்கு வேலை செய்கிறது. இரண்டும் இருந்தால் ஃபோல்டர் எப்படி இருந்தாலும் கூகுள் கண்டுகொள்வதில்லை. இரண்டும் இல்லாவிட்டால் ஃபோல்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அறைக்குள்ளேயே லிங்க்கை அடைத்துவைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் லிங்க் வழியாக ஒரு பலம் வந்து சேர்கிறது. அதை அது தன் லிங்க்குகள் வழியாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே தேவையில்லாத இடத்துக்கு லிங்க் கொடுத்தால் பலம் ஒழுகிப் போய்விடும் என்பது கணக்கு. கமென்ட் ஸ்பேமை ஒடுக்க 2005-இல் வந்த, இந்த லிங்க்குக்குப் பலம் கொடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறியை எஸ்இஓக்காரர்கள் இந்த ஒழுகலை அடைக்கப் பயன்படுத்தினார்கள். பத்து லிங்க் இருக்கும் பக்கத்தில் ஐந்துக்கு நோஃபாலோ போட்டுவிட்டால், பத்துப் பங்காகப் பிரிய வேண்டியது ஐந்தாகப் பிரியும், நமக்கு வேண்டிய ஐந்துக்கும் இரட்டிப்பாகப் போகும். அந்தப் பலத்துக்கு கூகுள் வைத்த பெயர் பேஜ்ரேங்க் என்பதால், பேஜ்ரேங்க் செதுக்குவது என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். செதுக்கித் தருவதற்குக் கட்டணமும் வாங்கினார்கள்.

2009 ஜூனில் கூகுளின் மேட் கட்ஸ் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். நோஃபாலோ போட்ட லிங்க்கின் பங்கு மற்றவற்றுக்குத் திரும்பிப் போவதில்லை, காற்றில் போய்விடுகிறது. பத்தில் ஐந்துக்கு நோஃபாலோ போட்டாலும் மீதி ஐந்துக்குத் தலா பத்தில் ஒரு பங்குதான். இதைவிடச் சங்கடமான செய்தி ஒன்றும் கூடவே வந்தது. இந்த மாற்றத்தைச் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். அதாவது ஒரு வருஷத்துக்கும் மேலாக, இல்லாத விசையை ஒரு தொழில் முழுவதும் திருகிக்கொண்டிருந்தது; ரிப்போர்ட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் யாராவது ‘நாங்கள் செய்து பார்த்தோம், வேலை செய்கிறது’ என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வருஷம்தான்.

கூகுளே சொல்லியிருக்கிறதே என்பவர்களுக்கு வருகிறேன். சொல்லியிருக்கிறது, என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. எஸ்இஓ பழகுபவர்களுக்கான அதன் தொடக்கக் கையேட்டில், ஒரே மாதிரித் தலைப்புகளை ஒரே ஃபோல்டரில் வைக்கலாம் என்று இருக்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது. சில ஆயிரம் பக்கங்களுக்கு மேல் உள்ள தளங்களில், எந்த ஃபோல்டர் அடிக்கடி மாறும், எது மாறாது என்று கூகுளுக்குப் பிடிபடும். கடையின் விதிமுறைப் பக்கங்களை எப்போதாவதும் தள்ளுபடிப் பக்கங்களை அடிக்கடியும் வந்து பார்த்துக்கொள்ளும். பாட் எத்தனை தடவை வந்து போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. முப்பது பக்கம் வைத்திருக்கும் கடைக்காரரிடம் இதைக் காட்டி, ஃபோல்டர் பிரித்தால் முதல் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு இங்கே பஞ்சமில்லை.

இன்னொரு ஆவணமும் அவர்கள் கையில் உண்டு. வாசகருக்காக எழுதுகிறீர்களா என்று சோதித்துக்கொள்ள கூகுள் தரும் கேள்விப் பட்டியல். உங்கள் தளத்துக்கு முதன்மையான நோக்கம் ஒன்று உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ஏதாவது ஒன்று ஓடும் என்ற நப்பாசையில் பல தலைப்புகளில் எழுதித் தள்ளுகிறீர்களா என்று இன்னொரு கேள்வி. எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரம் இது. ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் இரண்டாவது கேள்வி யாரைக் குத்துகிறது என்று பாருங்கள். கீவேர்டு கருவியில் வந்த பட்டியலை அப்படியே எடுத்து நாற்பது தலைப்பு போட்டு எழுதித் தள்ளுகிறவரைத்தான். அந்த நாற்பதும் ஒரே விஷயத்தின் கிளைகளாக இருந்துவிட்டால் நப்பாசை இல்லை என்று ஆகிவிடுமா? ஒரு தளத்துக்கு நோக்கம் இருப்பது வேறு, ஒரு தளத்துக்கு வரைபடம் இருப்பது வேறு.

2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் சில வெளியே கசிந்தபோது இந்த முகாமில் ஒரே கொண்டாட்டம். ஒரு தளம் எவ்வளவு ஒரே விஷயத்தில் நிற்கிறது என்பதைக் குறிக்கும் ஓர் அளவையும், ஒரு பக்கம் தளத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் குறிக்கும் இன்னோர் அளவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ‘பார்த்தீர்களா!’ என்றார்கள். பார்த்தேன். அளவைகளின் பெயர்கள் இருந்தன; எது ரேங்க்கில் எவ்வளவு எடை பெறுகிறது என்பது எங்கேயும் இல்லை. இருக்கட்டும், எடை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த அளவை பார்ப்பது பக்கங்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதை. எழுத்தின் பொருளை எண்களாக்கி, ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்டே இருக்கின்றன என்று கணக்கிடும் வேலை அது. பம்புசெட் பற்றிய பக்கத்தை எந்த ஃபோல்டருக்கு மாற்றினாலும் அது பம்புசெட்டைப் பற்றித்தான் பேசும். எழுதியதை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கில் என்ன மாறப்போகிறது?

ஒரே விஷயத்தில் ஊறியிருந்தால் போதும் என்பதற்கு, நடந்த கதை ஒன்றே எதிர்ச்சாட்சி. ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சிறு தளம், ஏர் ப்யூரிஃபையர்களை வாங்கி வந்து, தாங்களே சோதித்து எழுதுவதைத் தொழிலாக வைத்திருந்தது. இதைவிட ஒருமுகமான தளத்தைக் காட்ட முடியாது. 2024 பிப்ரவரியில் அவர்கள் ஒரு நீண்ட கட்டுரை போட்டார்கள். ஏர் ப்யூரிஃபையர் என்று தேடினால் தங்களுக்கு மேலே வருவது சமையல், வீட்டு அலங்காரம், பணம், சினிமா என்று எல்லாவற்றையும் எழுதும் பெரிய பத்திரிகைகளின் பட்டியல்கள். அவற்றில் பலவற்றில் கருவியைத் தொட்டுச் சோதித்ததற்கான தடயமே இல்லை என்று பெயர் சொல்லிக் காட்டினார்கள். சில மாதங்களில் நிலைமை இன்னும் மோசமாகி, தேடலிலிருந்து ஏறக்குறைய காணாமலே போனோம் என்று மறுபடி எழுதினார்கள். தலைப்பில் ஒருமுகம் இருந்தவர் கீழே போனார். ஊர் முழுக்கப் பெயர் இருந்தவர் மேலே இருந்தார். பெரிய தளத்தின் பெயரை வாடகைக்கு எடுத்துப் பக்கம் போடும் பழக்கத்தை ஒடுக்க, அதே 2024-இல் கூகுள் தனியாக ஒரு விதியே கொண்டுவந்தது. மே மாதம் அதை அமலாக்கத் தொடங்கியபோது கூகுளின் ஆட்களே தளங்களைப் பார்த்து நடவடிக்கை எடுத்தார்கள். தலைப்புக்குப் பொருந்தாதவர் தானாகக் கீழே போய்விடுவார் என்பது உண்மையானால் இதற்கு என்ன அவசியம்?

கிளஸ்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஹப்ஸ்பாட்டின் கதையும் உண்டு. மார்க்கெட்டிங் மென்பொருள் விற்கும் அந்த நிறுவனத்தின் தளத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதுவது எப்படி, ஊக்கமூட்டும் பொன்மொழிகள், தோளைக் குலுக்கும் இமோஜி என்றெல்லாம் பக்கங்கள் இருந்தன. அவை வருஷக்கணக்கில் நன்றாகவே ஓடின. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் அந்தத் தளத்துக்கு கூகுள் வழியாக வரும் கூட்டம் வெகுவாகச் சரிந்துவிட்டதாக வெளியார் கருவிகளின் மதிப்பீடுகள் காட்டின. உடனே, பார்த்தீர்களா, விஷயத்தை விட்டு விலகியதால் வந்த வினை என்று இதையும் தங்கள் கட்சிக்கே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். ஏறும்போது அடுக்கினால் ஏறியது, இறங்கும்போது அடுக்கு கலைந்ததால் இறங்கியது! எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற நாணயத்தை வைத்துக்கொண்டு பூவா தலையா போட முடியாது.

இது நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய கோவை வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். அதைத் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு ஓர் ஏஜென்சி தயாரித்துக் கொடுத்த கன்டென்ட் திட்டம் என் பார்வைக்கு வந்தது. அழகான எக்செல் ஷீட். மேலே பில்லர்: ‘வெட் கிரைண்டர், முழுமையான வழிகாட்டி’. கீழே கிளஸ்டர்கள்: கிரைண்டர் என்றால் என்ன? கிரைண்டரின் வரலாறு. கிரைண்டரின் பத்து நன்மைகள். கிரைண்டரா, மிக்ஸியா? சிறந்த கிரைண்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கிரைண்டர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை. கடைசி இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு கீவேர்டு என்ற பதில் வரும். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எவராவது கிரைண்டர் என்றால் என்ன என்று கூகுளைக் கேட்பாரா? ஆங்கிலக் கருவி ஒன்றில் ஆங்கிலச் சொல்லைப் போட்டு, வந்த வினாக்களைத் தமிழாக்கி நிரப்பிய கட்டங்கள் அவை.

என்ன தேடியவர்களுக்குத் தளம் காட்டப்பட்டது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலை அதே நிறுவனத்துக்குத் திறந்தால் வேறு ஓர் உலகம். ஜனங்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடியிருக்கிறார்கள். கல் சுத்தல. மோட்டார் ஓடுது, டிரம் நிக்குது. ரெண்டு லிட்டர் கிரைண்டருக்கு பெல்ட் சைஸ். மாவு சூடாகுது. புதுக் கல்லில் மணல் வருது. இதற்கெல்லாம் அந்தத் தளத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. அந்த எக்செல் ஷீட்டிலும் இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கிறது. மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் கெபாசிட்டரைப் பார். மோட்டார் சுற்றி டிரம் நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது வழுக்கும். பெல்ட்டைக் கழற்றிப் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்கு. அவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து, போனில் நாலு படம் எடுத்து, இதை எழுதிப் போட்டால் அது எந்த கிளஸ்டரிலும் சேராத ஒற்றைப் பக்கமாக இருக்கும். கிரைண்டர் நின்றுபோய், ஊறவைத்த அரிசி காத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அந்த ஒற்றைப் பக்கம்தான் வேண்டும்.

மூன்று நாலு கட்டம் காலியாக இருந்தால் வட்டம் முழுமை பெறாது என்பதற்காகவே எழுதப்படும் பக்கங்கள் வேறு ஒரு கேட்டையும் கொண்டுவருகின்றன. தேர்ந்தெடுப்பது எப்படி, வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை, எந்தக் கிரைண்டர் நல்லது என்று மூன்று பக்கமும் ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்ல, எதை முன்னால் வைப்பது என்று கூகுள் மாற்றி மாற்றி முயலும், ஒன்றும் நிலைக்காது. பிறகு அதே ஏஜென்சி வந்து, உங்கள் பக்கங்கள் ஒன்றையொன்று தின்கின்றன, சரிசெய்ய வேண்டும் என்று இன்னொரு பில் போடும். வார்த்தைக்கு இத்தனை பைசா என்று எழுதிக் கொடுத்தவர் இருந்த இடத்தில் இப்போது சாட்ஜிபிடி இருப்பதால் நாற்பது பக்கம் ஒரே மாலையில் தயாராகிவிடுகிறது. ரேங்க்குக்காக மட்டும் மொத்தமாகப் பக்கம் உற்பத்தி செய்வதை, மனிதர் எழுதினாலும் எந்திரம் எழுதினாலும், 2024 மார்ச் முதல் கூகுள் ஸ்பேம் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வட்டத்தை முழுமையாக்குங்கள் என்ற உபதேசத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றினால் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

அடுக்குவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதையே வாழ்நாள் வேலையாகச் செய்த நம் ஊர்க்காரரை விட்டுவிட முடியாது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே புழக்கத்தில் இருந்த டூயி தசமப் பகுப்பு அவருக்கு இடித்தது. ஒரு நூலுக்கு ஒரு மரத்தின் ஒரே கிளைதான் இடம் என்றால், இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசும் நூலை எங்கே வைப்பது? செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது, துண்டுகளைத் திருகாணி போட்டு வேண்டியபடி பூட்டிக்கொள்ளலாமே என்ற யோசனை பிறந்தது. 1933-இல் கோலன் பகுப்பு வெளிவந்தது. ஒரு நூல் எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து முகங்களாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்துக் குறியீடு கட்டும் முறை.

தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அவர் தீர்த்த சிக்கலைத்தான் சைலோக்காரர்கள் புதிதாகக் கட்டுகிறார்கள். மாவு சூடாகிறது என்ற பக்கம் எந்த அறைக்குப் போகும்? பராமரிப்பு என்றும் சொல்லலாம், இட்லி மாவுக் குறிப்பு என்றும் சொல்லலாம், அரைக்கும் வேகம் என்பதால் எந்த மாடல் வாங்குவது என்ற கேள்வியையும் தொடும். மூன்று இடத்துக்கும் லிங்க் கொடுத்தால் வாசகருக்கு நல்லது. சைலோவின் சட்டப்படி குற்றம். ரங்கநாதன் நூல்களை அடுக்கியது வாசகர் அலையாமல் தேடியதை எடுக்க வேண்டும் என்பதற்காக. சரியான தட்டில் வைத்துவிட்டதால் சுமாரான நூல் நல்ல நூலாகிவிடும் என்ற எண்ணம் அவருக்கோ அவருக்குப் பின் வந்த எந்த நூலகருக்கோ வந்ததில்லை.

இந்த அடுக்கு வேலை சும்மா பயனில்லாமல் போனால்கூடப் பரவாயில்லை. கெடுதலும் செய்கிறது. தலைப்பு மாறினால் ஃபோல்டர் மாறும், ஃபோல்டர் மாறினால் முகவரி மாறும். வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே, முகவரிகள் மாறக் கூடாது என்று ஒரு கட்டுரை எழுதி, முகவரிக்குள் தலைப்புவாரிப் பகுப்பைப் புதைப்பது ஆபத்து என்று எச்சரித்திருக்கிறார். இன்றைக்குச் சரி என்று தோன்றும் பகுப்பு நாளைக்கு மாறும் என்பது அவர் சொன்ன காரணம். இங்கே என்ன நடக்கிறது? புது ஏஜென்சி வந்ததும் பழைய அடுக்கைக் கலைத்துப் புது அடுக்கு போடுகிறார்கள். நூற்றுக்கணக்கான முகவரிகள் மாறுகின்றன. பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு 301 ரீடைரக்ட் போட வேண்டும், அதைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருங்கள் என்று கூகுளே சொல்கிறது. பாதிக்குப் போடுவார்கள், மீதி 404, அதாவது பக்கமே இல்லை என்ற பதில். யாரோ ஒரு வாசகர் தன் தளத்தில் ஆசையாகக் கொடுத்திருந்த லிங்க், எந்த விலைக்கும் வாங்க முடியாத லிங்க், காலி அறையின் கதவில் போய் முட்டும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கிருந்தும் லிங்க் இல்லாமல் அநாதையாகக் கிடக்கும் பக்கத்தை கூகுள் கண்டெடுப்பது கஷ்டம். மற்ற பக்கங்களிலிருந்து லிங்க் கொடுத்தால் வித்தியாசம் தெரியும். லிங்க்கில் ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாமல் போய்ச் சேரும் பக்கத்தின் பொருளை எழுதினால் கூகுளுக்கும் புரியும், ஆளுக்கும் புரியும். மெனுவில் நாற்பது ஐட்டம் குவித்து வைப்பதற்குப் பதில் ஐந்தாகப் பிரித்தால் கடைக்கு வருபவர் குழம்ப மாட்டார். இதற்கெல்லாம் டாபிகல் அத்தாரிட்டி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. ஒழுங்காக ஒரு தளம் கட்டும் எவரும் பெயர் வைக்காமலே செய்வது இது.

கடைசியாக அவர்கள் நீட்டுவது கேஸ் ஸ்டடி. கிளஸ்டர் போட்டோம், ஆறு மாதத்தில் கோடு இப்படி ஏறியது என்று ஒரு வரைபடம். அதன் கீழே சின்ன எழுத்தில் என்ன செய்தார்கள் என்று படித்துப் பாருங்கள். புதிதாக முப்பது பக்கம் எழுதியிருப்பார்கள். பழைய பக்கங்களைத் திருத்தியிருப்பார்கள். டைட்டில்களை மாற்றியிருப்பார்கள். தளத்தின் வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். நடுவே வெளியிலிருந்து லிங்க்கும் வாங்கியிருப்பார்கள். எல்லாவற்றையும் செய்துவிட்டு, ஏறியதற்குக் காரணம் அடுக்குதான் என்று முடித்திருப்பார்கள். ஏறாமல் போன தளங்களுக்கு யாரும் கேஸ் ஸ்டடி எழுதுவதில்லை என்பது வேறு விஷயம்.

சோதிக்க வழி இல்லாமல் இல்லை. நூறு பக்கம் உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பக்கத்திலும் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், வெளியிலிருந்து ஒரு லிங்க்கும் வாங்க வேண்டாம். பக்கங்களை வட்டம் வட்டமாக அடுக்கி, உள் லிங்க்குகளை மட்டும் தங்கள் படத்தின்படி மாற்றட்டும். அதே மாதிரி இன்னொரு தளத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் கழித்து இரண்டின் சர்ச் கன்சோலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டட்டும். அதுவரை அந்த வட்டங்களுக்கு கிளையன்டிடம் தனியாக பில் போடாமல் இருந்தால் சரி.